டாலரில் போட்ட டிக்கெட்டும் ரூபாயில் விழும் துண்டும்

ஆயிரம் டாலருக்கு டிக்கெட் போடுகிறீர்கள். பிறகு கேன்சல் செய்கிறீர்கள். ஏர்லைன் ஒரு சென்ட்கூடப் பிடிக்காமல் ஆயிரம் டாலரையும் திருப்பி அனுப்புகிறது. அப்படியும் கார்டு ஸ்டேட்மென்டில் நாலாயிரம் ரூபாய்க்கு மேல் துண்டு விழும்.

பெங்களூரில் வெளிநாட்டு டிக்கெட் என்பது இன்று அல்சூரிலிருந்து எலெக்ட்ரானிக் சிட்டி வரை வீட்டுக்கு வீடு நடக்கிற சமாச்சாரம். மகள் பிரசவத்துக்கு அம்மா நியூ ஜெர்சி போகிறார், ஆபீஸ் வேலையாக மாப்பிள்ளை சிங்கப்பூர் போகிறார். விசா தள்ளிப்போனால் கேன்சல், லீவு கிடைக்காவிட்டால் தேதி மாற்றம். அதன் பிறகுதான் "அந்த நாலாயிரம் எங்கே போச்சு?" என்ற கேள்வி வருகிறது. ஏர்லைனைக் கேட்டால் பேங்க்கைக் கை காட்டும், பேங்க்கைக் கேட்டால் ஏர்லைனைக் கை காட்டும். இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை என்பதுதான் இதில் எரிச்சலான விஷயம்.

முதலில் அந்தக் கணக்கைப் பிரித்துப் போட்டுப் பார்ப்போம். ரேட்டெல்லாம் கணக்குக்காக வைத்துக்கொண்டவை. டிக்கெட் போட்ட நிமிடத்தில் டாலர் 85 ரூபாய். எஸ்எம்எஸ்ஸில் ஏறக்குறைய 85,000 என்று வரும். அது கார்டு லிமிட்டில் பிடித்து வைத்த தொகை மட்டும்தான். ஏர்லைன் அதை விசா அல்லது மாஸ்டர்கார்டு என்ற கார்டு நெட்வொர்க் வழியாக வசூலுக்கு அனுப்பிக் கணக்கு முடிய ஒன்றிரண்டு நாள் ஆகும். அன்றைய ரேட் 85.40 என்றால் ஸ்டேட்மென்டில் ஏறுவது 85,400. அதன் மேல் பேங்க் போடும் ஃபாரெக்ஸ் மார்க்கப், அதாவது நாணயம் மாற்றித் தருவதற்கான கூடுதல் கட்டணம், பெரும்பாலான சாதாரண கார்டுகளில் 3.5 சதவீதம், அதாவது 2,989 ரூபாய். மார்க்கப் மேல் 18 சதவீத ஜிஎஸ்டி, 538 ரூபாய். ஆக மொத்தம் 88,927. மூன்றரை சதவீதம் என்று சொல்லிக் கொடுத்த கார்டு உண்மையில் 4.13 சதவீதம் பிடிக்கிறது.

மூன்று வாரம் கழித்து ரீஃபண்ட் வருகிறது. அன்றைய ரேட் 84.60. உள்ளே வருவது 84,600. மார்க்கப்பும் அதன் ஜிஎஸ்டியும் பெரும்பாலான கார்டுகளில் திரும்பாது. பரிமாற்றம் ஒருமுறை நடந்துவிட்டது, அந்தச் சேவைக்கு வாங்கிய காசு அது என்பது பேங்க்கின் கணக்கு. துண்டு 4,327 ரூபாய். இதில் ரேட் இறங்கியதால் போனது 800 ரூபாய்தான், மீதி முழுக்க மார்க்கப். "ரூபாய் சரிந்தால் எனக்கு லாபம்தானே?" என்று கேட்பவர்கள் உண்டு. லாபம்தான், ஆனால் இந்தக் கணக்கில் போட்ட காசு அப்படியே திரும்பவே டாலர் 88.93-க்குப் போயாக வேண்டும். அந்த மூன்று வாரத்தில் ரூபாய் அவ்வளவு விழுந்தால் நாட்டில் கவலைப்பட வேறு விஷயங்கள் இருக்கும்.

ஆகவே சண்டை போட வேண்டிய இடம் பணம் கட்டும் பக்கம். ரீஃபண்ட் வந்த பிறகு செய்ய முடிவது கொஞ்சம்தான்.

எந்த நாணயத்தில் விலை வருகிறது

ஏர்லைன்கள் டிக்கெட் விலையைப் பயணம் தொடங்கும் நாட்டை வைத்துத்தான் வைக்கின்றன. நீங்கள் எங்கே உட்கார்ந்து புக் செய்கிறீர்கள் என்பதைவிட, முதல் விமானம் எங்கிருந்து கிளம்புகிறது என்பதே முக்கியம். பெங்களூர் – சிங்கப்பூர் – பெங்களூர் என்று ரிட்டர்ன் போட்டால் விலை ரூபாயில் வரும். சிங்கப்பூர் – பெங்களூர் மட்டும் ஒன் வே போட்டால், இந்திராநகரில் உட்கார்ந்து தேடினாலும் ஏர்லைன் தளத்தில் சிங்கப்பூர் டாலரில்தான் வரும். இரண்டு ஒன் வே சேர்த்தால் முந்நூறு ரூபாய் மிச்சம் என்று போடுபவர்கள், திரும்பும் டிக்கெட்டில் 4.13 சதவீதம் ஏறும் என்பதைக் கணக்கில் சேர்ப்பதில்லை. பெங்களூரில் தொடங்கும் ரிட்டர்ன் டிக்கெட் கொஞ்சம் விலை கூடினாலும், கேன்சல் ஆக வாய்ப்புள்ள பயணத்துக்கு அதுதான் நல்லது.

இன்னொரு பொறி, நாணயக் குறி. சிங்கப்பூர், ஆஸ்திரேலியா, ஹாங்காங், அமெரிக்கா எல்லாவற்றுக்கும் திரையில் ஒரே எஸ் மேல் கோடுதான். ரூபாய் என்பதும் நமக்கு மட்டும் சொந்தமில்லை. இலங்கை, நேபாளம், மொரீஷியஸ் மூன்றிலும் ரூபாய்தான். பணம் கட்டும் முன் மூன்றெழுத்துக் குறியீட்டைப் பாருங்கள்: ஐஎன்ஆர் (இந்திய ரூபாய்), யூஎஸ்டி (அமெரிக்க டாலர்), எஸ்ஜிடி (சிங்கப்பூர் டாலர்), எல்கேஆர் (இலங்கை ரூபாய்). அது எங்குமே காணோம் என்றால் அந்தப் பக்கத்தில் கார்டு நம்பரைத் தட்டாதீர்கள்.

கடைசிப் பக்கத்தில் முளைக்கும் ரூபாய்

தேடிய முதல் பக்கத்திலிருந்தே விலை ரூபாயில் இருந்தால் அது ஏர்லைனின் ரூபாய் விலை, சரி. தேடியது முழுக்க டாலரில், கார்டு நம்பர் தட்டியதும் மட்டும் "இந்திய ரூபாயில் செலுத்தவா?" என்று ஒரு தேர்வு முளைத்தால் அது வேறு சங்கதி. உடனடி நாணய மாற்றம் என்ற பெயரில், வியாபாரி தரப்பில் ஒரு நிறுவனம் தன் ரேட்டில் மாற்றித் தருகிறது. அந்த ரேட்டில் அதன் லாபமும் அடக்கம். பல தளங்களில் இந்தக் கட்டம் ஏற்கெனவே டிக் ஆகி இருக்கும்.

அதே ஆயிரம் டாலர் கணக்கு: நெட்வொர்க் ரேட் 85.40 இருக்கும்போது இவர்கள் 88.80 காட்டுகிறார்கள் என்று வையுங்கள். 88,800. ரூபாயில் கட்டிவிட்டோம், மார்க்கப் தப்பியது என்று நிம்மதியாக இருப்பீர்கள். தப்பவில்லை. வெளிநாட்டில் பதிவான வியாபாரியிடம் ரூபாயில் கட்டினாலும் ஒரு சதவீதம் பிடிப்பதைப் பல பேங்க்குகள் வழக்கமாக்கிவிட்டன. 888 ரூபாய், அதன் மேல் ஜிஎஸ்டி 160. மொத்தம் 89,848. டாலரிலேயே விட்டிருந்தால் 88,927. மார்க்கப் இல்லாத கார்டு வைத்திருப்பவருக்கு டாலரில் 85,400-தான் ஆகியிருக்கும். அவர் அந்த டிக்கை எடுக்க மறந்ததற்கு விலை 4,448 ரூபாய்.

ரீஃபண்டில் இது இன்னும் சிக்கல். ரூபாயில் கட்டியது ரூபாயிலேயே அதே தொகையாகத் திரும்பும் என்று நிச்சயமில்லை. ஏர்லைன் டாலரை அனுப்ப, அது அன்றைய ரேட்டில் மாறி வந்து விழலாம். ஆகவே இந்தத் தேர்வு வந்தால் எப்போதும் வெளிநாட்டு நாணயத்தையே தேர்ந்தெடுங்கள். இதில் எனக்கு இரண்டாவது யோசனை இருந்ததே இல்லை.

முதல் பக்கத்திலிருந்தே ரூபாய் காட்டியும் ஒரு சதவீதம் பிடிக்கப்படுவது உண்டு. விலை ரூபாய், ஆனால் வசூலிக்கும் கணக்கு அயர்லாந்திலோ சிங்கப்பூரிலோ இருக்கும். கண்டுபிடிக்க இரண்டு அடையாளம். இந்தியாவுக்குள் வசூலானால் பெரும்பாலும் ஓடிபியோ அது மாதிரி இன்னொரு சரிபார்ப்போ கேட்கும். எந்தச் சரிபார்ப்பும் இல்லாமல் பணம் போனால் அநேகமாக வெளிநாட்டில் வசூலாகிறது என்று அர்த்தம். இரண்டாவது, ஸ்டேட்மென்டில் வியாபாரி பெயருக்குப் பக்கத்தில் ஊர் பெயரும் நாட்டுக் குறியீடும் இருக்கும். பெங்களூர் ஐஎன் என்றோ மும்பை ஐஎன் என்றோ இருந்தால் உள்நாடு. டப்ளின் ஐஇ என்று இருந்தால் வெளிநாடு. கார்டில் வெளிநாட்டுப் பரிவர்த்தனை அணைத்து வைக்கப்பட்டிருந்தால் பணமே போகாது. புதிதாகத் தரும் கார்டுகளில் ஆரம்பத்தில் அது அணைந்தே இருக்க வேண்டும் என்பது ரிசர்வ் பேங்க் விதி. சோதித்துப் பார்க்க எளிய வழி, அதை அணைத்துவிட்டுக் கட்டிப் பாருங்கள். ரூபாய் டிக்கெட் உண்மையிலேயே உள்நாட்டு வசூல் என்றால் போய்விடும்.

ஏஜென்டிடம் ரூபாயில் எடுத்தால்

வெளிநாட்டில் தொடங்கும் டிக்கெட்டையும் இங்குள்ள டிராவல் ஏஜென்டிடமோ இந்திய டிக்கெட் தளத்திலோ ரூபாயில் வாங்கலாம். மார்க்கப் கிடையாது. ஆனால் மாற்றம் நடக்காமல் இல்லை, டிக்கெட்டுக்குள்ளேயே நடந்துவிடுகிறது. ஏஜென்ட் அனுப்பும் ரசீதைப் பெரிதாக்கிப் பாருங்கள். அடிப்படை விலை என்ற இடத்தில் எஸ்ஜிடி 320.00 என்று இருக்கும். அதன் கீழே 'அதற்குச் சமமாகச் செலுத்திய விலை' என்ற அர்த்தத்தில் ஐஎன்ஆர் 21,120 என்று ஒரு வரி. அதாவது 66 ரூபாய் ரேட். பிறகு வரிகள், ஒவ்வொன்றுக்கும் இரண்டெழுத்துக் குறி. கே3 என்பது நம் ஜிஎஸ்டி, ஐஎன் என்பது விமான நிலையப் பயனர் கட்டணம், வொய்க்யூ, வொய்ஆர் என்பவை ஏர்லைன் போடும் கூடுதல் கட்டணங்கள். கீழே விலைக் கணக்கு வரியில் என்யூசி என்று ஓர் எண்ணும் ஆர்ஓஇ என்று ஓர் எண்ணும் வரும். உலகத்து விலைகளையெல்லாம் ஒரே அளவில் கூட்ட, ஏர்லைன்களின் உலக சங்கமான ஐயாட்டா வைத்திருக்கும் கணக்கு அலகும் அதன் மாற்று விகிதமும் அவை. அந்த ஆர்ஓஇ-யைப் பிடித்துக்கொண்டு "பேங்க் ரேட் இது இல்லையே" என்று ஏஜென்டிடம் வாதாடுவது வீண். உங்களிடம் வாங்கிய ரூபாய்க்கு ஆதாரம் சமமாகச் செலுத்திய விலை என்ற அந்த வரிதான்.

இந்த வகை டிக்கெட்டில் ரீஃபண்டின் அடிப்படை அந்த ரூபாய்த் தொகையே. டிக்கெட் போட்ட அன்று 66, கேன்சல் செய்த அன்று 64 என்றாலும் 21,120-லிருந்துதான் கணக்கு ஆரம்பிக்கும். பெரிய ஆறுதல். இடிக்கிற இடம் ஒன்று உண்டு: கேன்சல் கட்டணம் வெளிநாட்டு நாணயத்தில் எழுதியிருந்தால் அது கேன்சல் செய்யும் நாளின் ரேட்டில் மாற்றப்படும். 100 சிங்கப்பூர் டாலர் கட்டணம், அன்றைய ரேட் 68 என்றால் 6,800 பிடிப்பார்கள், 6,600 இல்லை. அதன் மேல் ஏஜென்ட் தன் சேவைக் கட்டணத்தைப் பிடிப்பார், அதுவும் புக் செய்யும்போதே கேட்டு வைத்துக்கொள்ள வேண்டியது. "அண்ணா, கேன்சல் ஆனா ஏர்லைன் எவ்வளவு, நீங்க எவ்வளவு, தனித்தனியா வாட்ஸ்ஆப்ல போட்டுடுங்க" என்று டிக்கெட் எடுக்கும் நாளிலேயே கேட்டால் யாரும் கோபித்துக்கொள்ளமாட்டார்கள். கேன்சல் ஆன பிறகு கேட்டால் ஞாபகம் மங்கிவிடும்.

ரீஃபண்ட் இல்லாத டிக்கெட் என்று எழுதியிருந்தாலும் சட்டப்படியான வரிகளும் விமான நிலையக் கட்டணங்களும் திரும்ப வேண்டும் என்று இந்திய விமானத் துறையின் கட்டுப்பாட்டு அமைப்பான டிஜிசிஏ விதி சொல்கிறது. பயணம் செய்யாமல் விட்டுவிட்டாலும்கூட. வெளிநாட்டு டிக்கெட்டில் இந்தத் தொகை நாலிலக்கத்தில் இருக்கும், ஆனால் கேட்காமல் தானாக வருவது அபூர்வம். கிரெடிட் கார்டில் கட்டியிருந்தால் கேன்சல் செய்த 7 நாளுக்குள் ரீஃபண்ட் என்பதும் அதே விதியில் உண்டு. இந்தியாவுக்கு வந்துபோகும் வெளிநாட்டு ஏர்லைன்கள் தங்கள் நாட்டு விதிப்படி ரீஃபண்ட் தரலாம் என்ற ஒரு வரியும் அதில் இருக்கிறது, அதைக் காட்டித்தான் தப்பிப்பார்கள். அமெரிக்கா போகும் வரும் டிக்கெட் என்றால் அந்த நாட்டு விதி இன்னும் கெட்டி: ஏர்லைனிடம் நேராக, புறப்பாட்டுக்கு 7 நாளோ அதற்கு மேலோ இருக்கும்போது எடுத்த டிக்கெட்டை, 24 மணி நேரத்துக்குள் கட்டணமில்லாமல் கேன்சல் செய்ய வழி தர வேண்டும், இல்லையென்றால் காசு கட்டாமல் அவ்வளவு நேரம் விலையைப் பிடித்து வைக்க விட வேண்டும். கேன்சல் செய்வதென்றால் எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. வசூலுக்குப் போகும் முன்பே டிக்கெட் ரத்தானால் பிடித்து வைத்த தொகை அப்படியே விடுபடும். ரேட்டும் இல்லை, மார்க்கப்பும் இல்லை.

துண்டு விழுந்த பிறகு

முதலில் வெளிநாட்டுத் தொகையைப் பாருங்கள், ரூபாயை மறந்துவிடுங்கள். உதாரணமாக, ஏர்லைன் அனுப்பிய ரீஃபண்ட் மெயிலில் 850 டாலர் என்று இருக்கிறதா? ஸ்டேட்மென்டில் கிரெடிட் வரியிலும் 850 டாலர் என்று இருக்கிறதா? இரண்டும் ஒத்துப்போனால் ஏர்லைன் பக்கம் முடிந்தது. இனி அவர்களுக்கு மெயில் போடுவது நேர விரயம், அவர்கள் உங்களுக்குக் கடன்பட்டது டாலர்தான்.

ஒத்துப்போகவில்லை என்றால் உடனே பதறவும் வேண்டாம். ஒவ்வொரு பயணிக்கும் தனி டிக்கெட் நம்பர், 13 இலக்கம், முதல் மூன்று ஏர்லைனின் எண். 098 ஏர் இந்தியா, 618 சிங்கப்பூர் ஏர்லைன்ஸ், 176 எமிரேட்ஸ், 157 கத்தார், 220 லுஃப்தான்ஸா. நாலு பேர் குடும்பத்துக்கு நாலு ரீஃபண்ட், நாலு வேறு நாளில், நாலு வேறு ரேட்டில் வரலாம். சீட்டுக்கும் கூடுதல் பைக்கும் கட்டிய காசுக்கு வேறு ரசீது நம்பர், அதற்குத் தனியாகக் கேட்க வேண்டும். ஸ்டேட்மென்ட் வரியில் டிக்கெட் நம்பரின் கடைசி இலக்கங்கள் இருந்தால் எது வந்தது எது வரவில்லை என்று பேனாவால் டிக் அடித்துவிடலாம்.

அடுத்தது ரேட். விசாவும் மாஸ்டர்கார்டும் தங்கள் தளத்தில் ரேட் கணக்கிடும் பக்கம் வைத்திருக்கின்றன. கணக்கு முடிந்த தேதியைப் போட்டு, பேங்க் கட்டணம் என்ற கட்டத்தில் பூஜ்யம் போட்டுப் பாருங்கள். கூகிளில் காட்டும் ரேட்டை வைத்துச் சண்டைக்குப் போகாதீர்கள், அந்த ரேட்டில் யாரும் யாருக்கும் டாலர் தருவதில்லை. ஒருநாள் முன்பின் தேதி மாறிப் பார்த்தும் சில ரூபாய்க்குள் ஒத்துப்போகவில்லை என்றால், அப்போது பேங்க்கைக் கேட்கலாம்.

பணமே வரவில்லை, ஏர்லைன் அனுப்பிவிட்டோம் என்கிறது என்றால் கேட்க வேண்டியது ஒன்றே ஒன்று: ஏஆர்என். 23 இலக்க எண். ஏர்லைனின் பேங்க் ரீஃபண்டை நெட்வொர்க்குக்கு அனுப்பும்போது உருவாவது. அது இருந்தால் உங்கள் பேங்க்கால் தேட முடியும். அது இல்லை, "ரீஃபண்ட் நம்பர்" என்று வேறு ஏதோ தருகிறார்கள் என்றால் இன்னும் அனுப்பவில்லை என்று எடுத்துக்கொள்ளுங்கள். கஸ்டமர் கேரில் "ரீஃபண்ட் வரலை மேடம்" என்று ஆரம்பித்தால் பொறுமையாக இருக்கச் சொல்வார்கள். "இந்த ஏஆர்என்னுக்கு என் கார்டு கணக்கில் கிரெடிட் வந்திருக்கான்னு பார்த்து எழுத்துல பதில் கொடுங்க" என்றால் புகார் எண் தருவார்கள். அந்த எண்ணிலிருந்து 30 நாள் கழித்தும் தீரவில்லை என்றால் ரிசர்வ் பேங்க்கின் குறைதீர்ப்பாளரிடம் அதன் இணையதளத்திலேயே போகலாம், கட்டணம் இல்லை. ஏர்லைன் மீது என்றால் விமானப் போக்குவரத்து அமைச்சகத்தின் புகார் தளமான ஏர்சேவா. இருநூறு ரூபாய் ரேட் வித்தியாசத்துக்கு இவ்வளவும் செய்வது சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்.

ரீஃபண்ட் வழியில் இருக்கிறது என்பதற்காகக் கார்டு பில்லைக் குறைத்துக் கட்டாதீர்கள். கெடு தேதிக்குள் கணக்கில் ஏறாத ரீஃபண்ட் வட்டிக் கணக்கில் இல்லாததற்குச் சமம். முழுத் தொகையையும் கட்டிவிடுங்கள். பிறகு ரீஃபண்ட் வந்து கார்டில் பணம் மிஞ்சி நின்றால், சேமிப்புக் கணக்குக்கு மாற்றித் தரச் சொல்லிக் கேட்கலாம். கேட்டால் மூன்று வேலை நாளில் தர வேண்டும் என்பது ரிசர்வ் பேங்க் விதி.

ஆபீஸ் பயணமாக இருந்து சொந்தக் கார்டில் போட்டிருந்தால், பில் கொடுக்கும்போது டிக்கெட் ரசீதோடு ஸ்டேட்மென்டையும் சேர்த்துக் கொடுங்கள். டிக்கெட்டில் ஆயிரம் டாலர்தான் இருக்கும், 3,527 ரூபாய் மார்க்கப்பும் ஜிஎஸ்டியும் ஸ்டேட்மென்டில் மட்டும்தான் தெரியும். கேன்சல் ஆனால் திரும்பக் கட்ட வேண்டியது உள்ளே வந்த 84,600-ஐத்தான், வாங்கிய 88,927-ஐ அல்ல. அக்கவுன்ட்ஸில் இருப்பவருக்கு இதை ஒருமுறை சொல்லிப் புரியவைக்க வேண்டியிருக்கும்.

யார் கார்டு என்பதும் முக்கியம். கலிஃபோர்னியாவில் இருக்கும் மகன் பெங்களூரில் தொடங்கும் டிக்கெட்டைத் தன் அமெரிக்கக் கார்டில் போட்டால், ரூபாய் விலை அங்கே டாலராக மாறும். கேன்சல் ஆனால் ரூபாய் ரீஃபண்ட் மறுபடி டாலராக மாறி அவன் கார்டுக்கே போகும், டிக்கெட்டில் பெயர் இருக்கும் அப்பாவுக்கு வராது. அப்பா ஏற்கெனவே அந்தக் காசை மகனுக்கு அனுப்பிவிட்டிருந்தால், அது குடும்பத்துக்குள் பேசித் தீர்க்க வேண்டிய ரேட்.

ஃபாரெக்ஸ் கார்டில் போடுபவர்களுக்கு ஒரு விஷயம். டாலர் ஏற்றிய கார்டில் யூரோ டிக்கெட் போட்டால் அங்கேயும் நாணயம் மாறும், அதற்குக் கட்டணம் உண்டு. ஊர் திரும்பியதும் மிச்சப் பணத்தை எடுத்துவிட்டுக் கார்டை மூடிவிடுவது பலருக்கு வழக்கம். ரீஃபண்ட் பாக்கி இருந்தால் மூடாதீர்கள். மூடிய கார்டுக்கு வரும் ரீஃபண்ட் பேங்க்கின் ஏதோ ஒரு கணக்கில் போய் நிற்கும். பழைய கார்டு நம்பர், ஏஆர்என், டிக்கெட் நம்பர் மூன்றையும் எழுதிக் கொடுத்துத்தான் அதை மீட்க வேண்டும்.